ஈச்சன் காணி சொன்ன சொல்

ரப்பர் எஸ்டேட், அம்பூரிக்கு மேலே
29 ஆகஸ்ட் 1954

மகள் புஷ்பபாய்க்கு மாமனார் பொன்னையன் சொல்லி எழுதுவது.

நான் சாகவில்லை, கிணற்றிலும் விழவில்லை. அதை முதலில் தெரிந்துகொள். சொல்லாமல் புறப்பட்டது உன்மேல் உள்ள கோபத்தால் என்று நினைத்திருப்பாய். கோபம் உண்டு, அது வேறே. முற்றத்தில் ரிசர்வ் போலீஸ் நிற்கிறது. உனக்குத் தெரியாத ஒன்றை உன் வாயிலிருந்து எவனும் பிடுங்க முடியாது. அதற்காக்கும் சொல்லாமல் வந்தேன்.

எனக்கு எழுத்து தெரியாது. இதை எழுதுகிற கை எஸ்டேட் ரைட்டர் யோசுவாவுடையது. மார்த்தாண்டத்துக்காரன், நம்ம சபை. கொண்டுவருகிறவன் லாரிக்காரன் ராஜப்பன். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு உதியன்குளங்கரைக்கு வருவான். பதிலை அவன் கையில் கொடு. தபாலில் போடாதே, பிரித்துப் பார்க்கிறார்களாம்.

மார்த்தாண்டத்தில் ஊர்வலத்தின்மேல் போலீஸ் வெடி வைத்த அன்று நம்ம பையன் கனகதாஸ் முழங்காலில் ரத்தத்தோடு வடக்கே ஓடினான் என்று கூட ஓடினவர்கள் சொன்னார்கள். வெள்ளறடையில் ஒருத்தி அவனுக்குக் கஞ்சித்தண்ணி கொடுத்திருக்கிறாள். அதற்கு அப்புறம் மலைதான். மலையில் அவனுக்கு யார் உண்டு? மலைக்குடிக்காரன் ஈச்சன் காணி உண்டு.

இளவயதில் நான் உப்பும் கருவாடும் தலைச்சுமையாக மலைக்குக் கொண்டுபோய் தேனும் நல்லமிளகும் மாற்றி வந்தவன். அப்போது ஈச்சனுக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது அவன்தான் அந்தக் குடிக்கு மூப்பனாம், மூட்டுக்காணி. அவன் அம்மா மாதி எனக்குக் கிழங்கு சுட்டுத் தந்தவள். இந்தக் கதையைச் சொல்லாவிட்டால் சின்ன வயதில் கனகதாஸ் சோறு தின்னமாட்டான். உயிருக்கு ஓடுகிறவன் அப்பன் சொன்ன கதைக்குள்ளேதான் ஓடுவான்.

வழி எனக்கு மறக்கவில்லை. யானை உட்கார்ந்த மாதிரி ஒரு பாறை, அதன் முதுகில் தண்ணீர் ஒழுகும், அங்கிருந்து இடதுகைப் பக்கம். பாறை அப்படியே இருக்கிறது. அதற்கு அப்பால் அயனி மரமும் வேங்கை மரமும் நின்ற மலையில் இப்போது ரப்பர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கிறது. ரப்பர் முடிகிற இடத்தில் காடு சுவராக எழும்புகிறது. இன்று அதன் ஓரம் வரை போனேன். தலைக்கு மேலே ஒரு வேழாம்பல் பறந்தது, இருவாச்சி என்பார்களே அது. அதன் சிறகுக்கு லாரி ஏற்றம் ஏறுகிற சத்தம். அண்ணாந்து நின்றதில் காலில் அட்டை ஏறினது தெரியவில்லை. திரும்பி வந்தபோது வேட்டி சிவப்பாக இருந்தது. யோசுவா பயந்துபோனான்.

"பெரியவரே, இது கடிதமா ஆதியாகமமா? சுருக்கும்" என்கிறான்.

சுருக்கிவிட்டேன். மழை விட்டதும் ஏறுகிறேன்.


கொல்லயில் ஊர், உதியன்குளங்கரை
3 செப்டம்பர் 1954

மாமாவுக்கு புஷ்பபாய் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அழுதேன், பிறகு கோபம் வந்தது. கோபம் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்மேல் என்ன கோபம்? ஊர்வலத்துக்குப் போகவேண்டாம் என்று நான் அவரை உள்ளே வைத்துக் கதவுக்குக் கொண்டி போட்டேன். கொண்டியை எடுத்துவிட்டது நீங்கள். "ஆம்பிளையை அடைச்சு வைக்க அவன் அடைகோழியா பிள்ளே" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது.

தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணம் முடிந்து ஒரு மழைக்காலம்கூடக் கழியவில்லை.

போலீஸ் மறுபடியும் வந்தது. நெல்லுப் பெட்டியைக் கவிழ்த்தார்கள், நான் பின்னி வைத்த லேஸ் முழுவதையும் முற்றத்துச் சேற்றில் மிதித்தார்கள். "கிழவன் எங்கே?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது. அந்த அளவில் நீங்கள் செய்தது சரி.

அப்பா அமரவிளையிலிருந்து வந்து என்னைக் கூட்டிப்போக நின்றார். "தங்கப்பன் மகளுக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லையா, இங்கே கிடந்து சாவணுமா?" என்றார். நான் போகவில்லை. உங்கள் மகன் திரும்பி வந்தால் வீட்டில் ஆள் வேண்டுமே.

வழியில் என்ன பறவை பறந்தது என்றெல்லாம் எனக்கு வேண்டாம். இருக்கிறாரா இல்லையா, அந்த ஒரு வரி போதும்.


எஸ்டேட்
6 செப்டம்பர் 1954

மகளே, நான் சொல்வது நல்ல சேதி இல்லை. கேட்டதைக் கேட்டபடி எழுது என்று யோசுவாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஈற்றைக்காட்டுக்குள் நுழைந்து மேலே ஏறினேன். ஈற்றை என்றால் மூங்கிலுக்குத் தம்பி. ஆள் போனால் பின்னால் மூடிக்கொள்ளும். ஓடையைத் தாண்டினதும் காணிக்குடி தெரிந்தது. ஈற்றையால் கட்டின குடில்கள், மரத்தின்மேல் யானைக்குக் காவல் இருக்கும் ஏறுமாடம், சரிவில் மரச்சீனிக் கிழங்கு. எல்லாம் நான் வைத்துவிட்டுப் போன மாதிரியே இருந்தது. "ஈச்சா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

ஆளே இல்லை, மகளே. ஒரு நாய்கூட இல்லை. மாதி இருந்த குடிலுக்குள் குனிந்து பார்த்தேன். அடுப்பில் சட்டி, சட்டியில் வெந்த கிழங்கு பூசணம் பிடித்துக் கிடக்கிறது. பாய் விரித்தபடி. வெற்றிலை இடிக்கிற சின்ன உரல் பாய் ஓரத்தில். எந்தக் கிழவி தன் வெற்றிலை உரலை விட்டுவிட்டு எழுந்து போவாள்? கூரை வளையிலே ஒரு சட்டை தொங்கிற்று. முன்பக்கமெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. காலரின் உள்பக்கம் நீ வெள்ளை நூலில் போட்ட பூத்தையல்.

அவன் இங்கே வந்திருக்கிறான். இங்கே வந்துதான் பிடிபட்டிருக்கிறான். தின்றுகொண்டிருந்தவர்களை எழுப்பி அடித்து ஓட்டியிருக்கிறார்கள். போலீஸைத் தவிர வேறு யார் இப்படிச் செய்வார்கள்?

சட்டையை எடுக்கக் கையை நீட்டினேன். எடுக்கவில்லை. ஒருவேளை திரும்பி வந்தால் தேடுவானே என்று தோன்றிற்று. எனக்கு வேறு புத்தி ஓடவில்லை.

உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போ. மலையில் பிடித்த ஆளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேள். இனி மறைக்க என்ன உண்டு? பெண் வந்து கேட்டால் உயிரோடு இருக்கிறவனை இல்லையென்று சொல்ல யோசிப்பார்கள்.


எஸ்டேட்
10 செப்டம்பர் 1954

மகளே, முந்தின கடிதத்தைக் கிழித்துப் போடு. ஸ்டேஷனுக்குப் போகாதே. அவன் இருக்கிறான்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு எனக்குப் பொறுக்காமல் மறுபடியும் மலை ஏறினேன். அந்த வெறும் குடில்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பில் இரும்பை இழுக்கிற கரகரப்பு. அதைக் கேட்டவன் மறக்கமாட்டான். கொக்கரை. காணிகள் நோய்க்கும் சாவுக்கும் அதை இழுத்துத்தான் பாடுவார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். புது ஈற்றையில் புதுக் குடில்கள். ஒன்றின் வாசலில் காலை நீட்டிக்கொண்டு நம்ம பையன் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருக்கிறான்.

"எப்பா, நீ எதுக்கு வந்தா? மழையில்லா பெய்யுது" என்றான். அவ்வளவுதான் அவன் கேட்டது. நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அவன் வந்து விழுந்ததும் மாதி அவனைத் தன் குடிலில் படுக்கவைத்துக் காலுக்கு இலை வைத்துக் கட்டினாள். பிறகு அவளுக்கே காய்ச்சல் வந்து போய்விட்டாள். இவர்களுக்கு ஒரு வழக்கம், காய்ச்சலில் ஒருத்தர் போனால் அந்த இடத்தில் இருக்கமாட்டார்கள். செத்த குடிலிலிருந்து ஒரு துரும்பும் எடுக்கமாட்டார்கள். சட்டி, பாய், உரல், எல்லாம் போனவளுக்கு. ஓடுகிற வழியில் முழங்காலைச் சுற்றிக் கட்டின சட்டை, அந்தக் குடிலில் தொங்கினது, அதுவும் அப்படித்தான் அங்கேயே நின்றுபோயிற்று. அவளை ஈற்றைக்குப் பின்னால் புதைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. எழவு வீட்டுக்குள் நின்றுகொண்டு போலீஸ் வீடு என்று நினைத்துவிட்டேன்.

கால் தேறிவருகிறது. ஆனால் எல்லை தாண்டிப் பாவநாசம் பக்கம் இறங்க இன்னும் ஆகாது, அந்த வழியில் ஆளும் போட்டிருக்கிறார்களாம். இங்கேயே இருக்கட்டும். இங்கே இருப்பது எவனுக்கும் தெரியாது.

ராஜப்பன் லாரி ஓடைப் பாலத்தில் சிக்கியிருக்கிறது. பாலம் சரியானதும் இதைத் தருவான்.


கொல்லயில்
13 செப்டம்பர் 1954

மாமாவுக்கு.

உங்கள் ஆறாம் தேதிக் கடிதம் வந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

மலையில் பிடித்த என் புருஷனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஏது மலையில்?" என்று கேட்டார். அம்பூரிக்கு மேலே காணிக்குடியில் என்றேன். நாற்காலி போடச் சொன்னார். ஸ்டேஷனில் எனக்கு நாற்காலி. அப்பா நிற்கிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன். ஓடையைப் பற்றிக் கேட்டார், குடில்களைப் பற்றிக் கேட்டார், சட்டையைப் பற்றிக் கேட்டார். நீங்கள் எழுதியிருந்த எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்து ரோட்டில் நடக்கும்போது அப்பா நின்றுவிட்டார். "மக்ளே, அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாதுல்லா. நீ சொல்லித்தான் தெரிஞ்சது போல இருந்துச்சே" என்றார்.

அதற்குப் பிறகு வீடு வரைக்கும் வந்த வழி எனக்கு நினைவில் இல்லை.

அவர்கள் பிடிக்கவில்லை என்றால் பிடித்தது யார்? ஒருவரும் பிடிக்கவில்லை என்றால் நான் என்ன செய்துவிட்டேன்? ராஜப்பனையும் காணோம். நீங்கள் போகச் சொன்னீர்கள், போனேன். எழுதுங்கள், மாமா.


கொல்லயில்
5 அக்டோபர் 1954

மாமாவுக்கு.

இதை எந்த மனதோடு எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போன மாதக் கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தேன். சட்டை. "இது ஆருடே?" என்றார். காலரைத் திருப்பிப் பார்த்தேன். என் கைத்தையல்தான். என் புருஷனுடையது என்றேன். "ஆள் மரிச்சு. காணிகள் குழிச்சிட்டு. குழி நம்மள் கண்டு" என்றார், காணிகள் புதைத்த குழியைப் பார்த்தார்களாம். கெட்ட மனிதர் இல்லை, தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் உபதேசியார் இறந்தவர்களோடு அவர் பேரை வாசித்தார். எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். என் அம்மா என் தாலியைக் கழற்றினாள். நான் அழக்கூட இல்லை. நான் போய்ச் சொன்னதால்தானே என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ராஜப்பன் வந்தான். பாலம் உடைந்து லாரி நின்றுபோனதால் இத்தனை நாள் என்றான். உங்கள் பத்தாம் தேதிக் கடிதத்தைக் கொடுத்தான். அவன் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மாமா, பத்தாம் தேதி இருந்தவர் இப்போது இருக்கிறாரா? போலீஸ் மலை ஏறினது அதற்குப் பிறகு. அவர்கள் பார்த்தது மாதியின் குழியா, வேறு குழியா? உங்கள் கடிதம் முந்தினது, சட்டை பிந்தினது. நான் எதை நம்ப வேண்டும்?

ராஜப்பன் இன்று பதிலுக்கு வந்து வாசலில் நிற்கிறான். என் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். உங்கள் கடிதத்தைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட.


எஸ்டேட்
9 அக்டோபர் 1954

மகளே, இருக்கிறான். முதலில் அதை எழுது என்று யோசுவாவிடம் சொன்னேன், எழுதிவிட்டான். நேற்றுத்தான் அவனைத் தொட்டுவிட்டு இறங்கி வருகிறேன். உன் பதின்மூன்றாம் தேதிக் கடிதமும் அஞ்சாம் தேதிக் கடிதமும் ஒன்றாக வந்தன. யோசுவா ஒரே தடவை வாசித்தான். இரண்டும் இப்போது என் தலைக்குள் இருக்கின்றன, வேண்டாமென்றாலும் போகமாட்டேன் என்கின்றன.

நீ ஒரு வாரம் பொறுத்திருக்கலாம் என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லவில்லை. போ என்று சொன்ன வாயும் இதுதானே.

போலீஸ் வந்தது. பழைய குடிக்குத்தான் வந்தார்கள். ஆள் வருகிற சத்தம் கேட்டு ஈச்சன் மட்டும் ஓடையைத் தாண்டி அங்கே போனான். சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுக்கு உள்ளவன் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். ஈச்சன் ஈற்றைக்குப் பின்னால் இருந்த புது மண்ணைக் காட்டி, "அவன் அங்கே" என்றான். தோண்டணும் என்றார் போலீஸ் ஏமான். "காய்ச்சலில் போனதாக்கும்" என்றான் ஈச்சன். மண்வெட்டி எடுத்தவன் அதைக் கீழே போட்டான். பெற்ற தாயின் குழியை நம் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தான், மகளே. நான் அவன் காலில் விழப்போனேன்.

அவன் நகர்ந்துகொண்டான். பிறகு சொன்னதைக் கேள்.

"பொன்னையா, நான் பொய் சொன்னதில்லை. மலை கேட்டுக்கொண்டிருக்க அம்மைக் குழியைக் காட்டிச் சொல்லிட்டேன். சொன்னதை இனி பொய்யாக்க முடியாது, மெய்யாக்கத்தான் பற்றும்."

எனக்கு விளங்கவில்லை. மறுநாள் விளங்கிற்று. குடியில் ஒருவரும் கனகதாசைப் பார்க்கவில்லை. அவன் கூப்பிட்டால் காது கேட்காதவர்கள் போலப் போகிறார்கள். அவன் நிற்கிற இடத்தைச் சுற்றி நடக்கிறார்கள். சாயங்காலம் ஓடையோரத்தில் ஒரு இலையில் கிழங்கு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள், செத்தவனுக்கு வைக்கிற மாதிரி. அவன் அதை எடுத்துத் தின்னவேண்டும். ஒரு சின்னப் பெண் மறந்துபோய் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் தாய் வந்து தலையைத் திருப்பிவிட்டாள்.

"இது உங்க வழக்கமா?" என்று கேட்டேன். "இல்லை. இப்படி ஒண்ணு இதுக்கு முன்னே நடந்ததில்லை. ஆனா சொல்லு சொல்லாக்கும்" என்றான் ஈச்சன். என்னிடம் பேசுகிறார்கள். எனக்குத் தேன் கொண்டுவந்து வைத்து, மகன் போன துக்கத்தை விசாரிக்கிறார்கள். மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். முதல் நாள் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

சேலையை மாற்றாதே. யாரிடமும் சொல்லாதே. இங்கே ஈச்சன் சொன்ன சொல்லை அங்கே நீயும் காக்கவேண்டும்.


கொல்லயில்
12 டிசம்பர் 1954

மாமாவுக்கு.

உங்கள் சொல்படி இருக்கிறேன். சபையில் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து எனக்கும் கண்ணீர் வருகிறது. நடிப்பு என்று நினைக்காதீர்கள், எது நடிப்பு என்று எனக்கே பிடிபடவில்லை. போலீஸ் இப்போது வருவதில்லை. செத்தவர் வீட்டில் அவர்களுக்கு வேலை இல்லை. ஈச்சன் காணி செய்தது பலித்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு உடுத்த உங்கள் பழைய வேட்டியைத் துவைத்து மடித்து வைத்தேன். வைத்த பிறகு அவருடையதையும் துவைத்தேன். துணைக்கு வந்திருக்கும் அம்மா பார்த்துவிட்டு, "போனவன் துணியை எதுக்கு பிள்ளே அலக்குதா, யாருக்காவது குடு" என்றாள். கொடுக்கிறேன் என்று சொல்லிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இன்னொன்று. அப்பா ஒரு இடம் பார்க்கிறார். மனைவி இறந்த ஒரு வாத்தியார், நல்ல மனிதராம். "உனக்கு வயசு என்ன ஆச்சு" என்கிறார். என்ன சொல்லித் தடுப்பேன்? துக்கம் கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். துக்கம் என்று கழியும் என்று கேட்கிறார்.

அவர் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? பறவை பறந்ததை எழுதவேண்டாம் என்று ஒரு தடவை எழுதினேன். இப்போது எழுதுங்கள். அவர் பார்க்கிறதை எல்லாம் எழுதுங்கள்.


எஸ்டேட்
20 ஜனவரி 1955

மகளே, எழுதச் சொன்னாய். எழுதச் சொல்கிறேன்.

மழை நின்றுவிட்டது. பொதிகை உச்சி தினமும் தெரிகிறது. காட்டு மா பூத்திருக்கிறது. கருமந்திகள் காலையில் கூவினால் மலையே தொண்டையைச் செருமுகிற மாதிரி இருக்கும். எல்லைக்கல் எங்கே போடுவது என்று கீழே சண்டை. இங்கே வந்து போடச் சொல், யானை அதில் முதுகைச் சொறிந்துகொள்ளும்.

இதெல்லாம் நான் பார்க்கிறது. அவன் என்ன பார்க்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் பேச்சு நின்றுபோய் கொஞ்ச நாளாகிறது. முதலில் அவர்களோடு பேசுவதை விட்டான். பிறகு தனியாக முணுமுணுத்த பாட்டை விட்டான். இப்போது நான் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறதில்லை. "எலே, கனகு" என்று தோளைப் பிடித்து ஆட்டினேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று பார்க்கிற மாதிரி பின்னால் திரும்பிப் பார்த்தான். என் கை அப்படியே விழுந்துவிட்டது. சாயங்காலம் ஆனதும் கால் தாங்கித் தாங்கி ஓடையோரத்து இலைக்குப் போகிறான், தின்கிறான், ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறான்.

ஈச்சனிடம் சண்டை போட்டேன். "நீ காத்தது போதும், பிள்ளை உள்ளே சாகிறான்" என்றேன். அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. "எனக்கும் அம்மைக்குப் பாட்டு பாடப் பற்றலை. குழியில் அவ பேர் இல்லையே" என்றான்.

பகல் முழுக்க அவனோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். அவன் பிறந்த கதை, உப்புச் சுமந்த கதை, நீ கொண்டி போட்ட கதை. வாய் வறண்டுபோகிறது. உன் அப்பாவிடம் அறுப்பு முடியட்டும் என்று சொல்.


கொல்லயில்
14 மார்ச் 1955

மாமாவுக்கு, அவசரமாக.

மந்திரிசபை மாறினது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்கள் வெளியே இறங்கி வருகிறார்கள். நெய்யாற்றின்கரையில் நானே போய் வக்கீலைப் பார்த்தேன். இந்தத் தடவை ஸ்டேஷனுக்குப் போகவில்லை. செத்துப்போன என் புருஷன்மேல் இருந்த கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எல்லாத்தையும் எடுத்தாச்சு, இனி ஆரும் ஆரையும் தேடமாட்டாங்க. இப்பம் அவன் இருந்தா வீட்டுக்கு வந்திருப்பான், பாவம்" என்றார். அவர் முன்னால் சிரித்துவிடக்கூடாது என்று சேலையை வாயில் வைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து அவர் மனைவி காப்பி கொண்டுவந்தாள்.

வீட்டுக்கு வந்தால் அப்பாவும் அந்த வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார்கள். உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்து சபையில் முதல் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். நான் சொல்லிவிட்டேன், மாமா. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். என் புருஷன் இருக்கிறார் என்று. துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து அம்மா என் தலையில் தண்ணீர் ஊற்றினாள். வாத்தியார் எழுந்து குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

இனி நீங்கள் கொண்டுவராவிட்டால் நான் பைத்தியம். கேஸ் விட்டதை ராஜப்பன் வாயால் சொல்வான், இந்தக் கடிதத்தை யோசுவாவிடம் வாசிக்கச் சொல்லவேண்டாம் என்றும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் மகன் கையில் கொடுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியுமே.


எஸ்டேட்
22 மார்ச் 1955

மகள் புஷ்பபாய்க்கு.

நீ சொல்லி அனுப்பினதை ராஜப்பன் சொன்னான், உன் கடிதத்தின் உறையை யோசுவா பார்த்ததோடு சரி. நான் மடியில் கட்டிக்கொண்டு மலை ஏறினேன். அவன் ஓடையோரத்துக் கல்லில் இருந்தான். கையில் வைத்தேன். வெகுநேரம் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். படித்தானா என்று தெரியவில்லை. மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

நான் ஈச்சனிடம் போனேன். சர்க்கார் கேஸை விட்டுவிட்டது, இனி தேட ஆளில்லை என்றேன். அவன் வெற்றிலையை மென்றுகொண்டே ரொம்ப நேரம் யோசித்தான். நீயானால் எழுந்து ஓடியிருப்பாய்.

"சொல்லு, கேட்டவனுக்குள்ளதாக்கும். அவன் வேண்டாம்னு போட்டுட்டுப் போனா, சொன்னவன் எடுத்துக்கலாம்" என்றான். எழுந்து கொக்கரையை எடுத்தான்.

குடி முழுவதும் ஓடையைத் தாண்டிப் பழைய இடத்துக்குப் போயிற்று. பின்னால் நானும் கனகதாசும். குடில்கள் சரிந்து கிடந்தன. மாதியின் வெற்றிலை உரலுக்குள் மழைத்தண்ணீர் நிறைந்து, அதில் ஒரு தவளை இருந்தது. குழிமேல் ஈற்றை முளைவிட்டிருந்தது. ஈச்சன் கொக்கரையை இழுத்தான்.

"அம்மே, உன்னிட்டே இரவல் வாங்கினேன். திருப்பித் தாறேன். இது உன் குழி. உன் பேருக்குள்ளது" என்றான். பிறகு அவர்கள் பாடினார்கள். இத்தனை மாதம் அடைத்து வைத்திருந்த பாட்டு. நடுவில் நிறுத்தி நிறுத்தி அழுதார்கள். நான் சபையில் சேர்ந்த வேதக்காரன், அந்தப் பாட்டில் எனக்கு இடம் இல்லை. ஆனாலும் அவள் சுட்டுத் தந்த கிழங்கின் மணம் எனக்கு அப்போது வந்தது.

பாட்டு முடிந்ததும் ஈச்சன் திரும்பினான். திரும்பி நேராக நம்ம பையன் முகத்தைப் பார்த்தான். அத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதன் அவன் முகத்தைப் பார்க்கிறான். மலைக்குப் புதிதாக ஏறிவந்த விருந்தாளியைக் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டு கேட்டான்:

"எப்பம் வந்தா?"

கனகதாசின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சின்னப் பெண் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து, பதிலுக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பம்தான் வாறேன்" என்றான்.

யோசுவா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்திவிட்டு வந்துதான் எழுதுகிறான்.

இந்த நடைக்கு ராஜப்பன் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவான். அடுத்த நடைக்கு எங்களைக் கொண்டுவருவான். கனகதாசுக்குக் கால் இன்னும் தாங்கல் உண்டு, மெதுவாகத்தான் இறங்கவேண்டும். வெள்ளறடையில் கஞ்சித்தண்ணி கொடுத்தவளைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்கிறான். பேச ஆரம்பித்துவிட்டான், நிறுத்தமாட்டேன் என்கிறான்.

உன் அம்மா அலறுவாள். சபை ஓடிவரும். பேர் வாசித்த உபதேசியார் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. அதெல்லாம் பிறகு. வாசலில் லாரி சத்தம் கேட்டால் நீ அழாதே, மலையைக் கேட்காதே, ஸ்டேஷனைக் கேட்காதே, தாலியைக் கேட்காதே. கதவைத் திற. கொண்டியை நீயே எடு. அவன் முகத்தைப் பார்த்து, எப்ப வந்தீங்க என்று மட்டும் கேள்.

பதில் அவனுக்குத் தெரியும்.

மாமனார் பொன்னையன், பெருவிரல் அடையாளம்.